லாகின் ஆகிறது, எழுத மட்டும் மறுக்கிறது: எஃப்டிபி, எஸ்எஃப்டிபி சர்வரில் அறிகுறியைப் பார்த்துக் காரணத்தைப் பிடிப்பது

லாகின் ஆகிறது. ஃபோல்டர்கள் தெரிகின்றன. கோப்புகளை இறக்கிக்கொள்ளவும் முடிகிறது. ஒன்றை ஏற்றப் போனால் மட்டும் மறுக்கிறது. லினக்ஸில் கோப்புப் பரிமாற்ற சர்வர் வைத்திருக்கும் எவருக்கும் இந்த அழைப்பு வந்திருக்கும்: "நேத்து வரைக்கும் போச்சு சார், இன்னைக்கு ஏற மாட்டேங்குது."

அந்த நேரத்தில் நம் கை தானாகப் போகும் இடம் சிஎச்மாட் 777, அதாவது எல்லோருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கும் கட்டளை. தயவுசெய்து அங்கே போகாதீர்கள். அது வேலை செய்துவிட்டால் உண்மைக் காரணம் என்னவென்று கடைசிவரை தெரியாது. வேலை செய்யாவிட்டால் பழைய அனுமதி என்னவாக இருந்தது என்ற தடயமும் போய்விடும். எஸ்எஃப்டிபி சர்வரில் 777 போட்டதாலேயே லாகினும் நின்றுபோன கதை கீழே வருகிறது.

எழுதும் கோரிக்கை ஒன்று சர்வருக்குள் நுழைந்து டிஸ்கில் போய் உட்காரும் வரை பல இடங்களில் அதை நிறுத்திப் பார்க்கிறார்கள். சர்வர் மென்பொருளின் அமைப்பு, ஃபோல்டரின் உரிமையாளரும் குரூப்பும் அனுமதி எண்ணும், ஏசிஎல் (ஆள்வாரியாகக் கூடுதல் அனுமதி தரும் பட்டியல்), எஸ்ஈலினக்ஸ் (நிரலுக்கும் கோப்புக்கும் லேபிள் ஒட்டித் தடுக்கும் பாதுகாப்பு அடுக்கு), மவுண்ட் (டிஸ்கை ஃபோல்டர் மரத்தில் இணைத்திருக்கும் விதம்), டிஸ்கில் மிச்சமுள்ள இடம். சிஎச்மாட் தொடுவது இவற்றில் ஒன்றை மட்டும்தான். நல்ல விஷயம், ஒவ்வொன்றும் மறுக்கும் விதம் வேறு. அதைக் காதில் வாங்கினாலே பாதி வேலை முடிந்தது.

இங்கே எடுத்துக்கொள்வது பரவலாகப் புழங்கும் இரண்டை: எஃப்டிபிக்கு விஎஸ்எஃப்டிபிடி, எஸ்எஃப்டிபிக்கு ஓப்பன்எஸ்எஸ்ஹெச். கட்டளைகளை நாம் வாயால் சொல்வது போலவே எழுதியிருக்கிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

எதையும் மாற்றும் முன்

முதலில் பிழைச் செய்தியை எழுத்துக்கு எழுத்து வாங்குங்கள். "பெர்மிஷன் இல்லைன்னு வருது" என்பது போதாது. ஃபைல்ஜில்லா என்ற கிளையன்டின் (யூசர் தன் கணினியிலிருந்து ஏற்றப் பயன்படுத்தும் மென்பொருள்) மேல் பகுதியில் சிவப்பில் ஓடும் வரியில் 550, 553, 451 என்று ஓர் எண் இருக்கும். அந்த வரியை அப்படியே வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். இந்த எண்கள் 1985இல் வந்த, எஃப்டிபியின் விதிகளைச் சொல்லும் ஆர்எஃப்சி 959 ஆவணத்தில் உள்ளவை. எண்ணை ஒட்டி வரும் வாசகம் அந்தந்த சர்வர் மென்பொருளுடையது, நமக்கு அதுதான் இன்னும் முக்கியம்.

அடுத்து, சர்வருக்குள் போய் அதே யூசராக அதே இடத்தில் ஒரு வெற்றுக் கோப்பை உருவாக்கிப் பாருங்கள். யூசர் பெயர் டிசைன்1 என்று வைத்துக்கொள்வோம்:

சூடோ -யு டிசைன்1 டச் /எஸ்ஆர்வி/அச்சு/வரவு/சோதனை

அந்த யூசரின் ஷெல் நோலாகின் என்று இருந்தாலும், அதாவது டெர்மினலில் நுழைய அவருக்குத் தடை இருந்தாலும், இது ஓடும். இந்த ஒரு வரி பிரச்சினையை இரண்டாகப் பிளந்துவிடுகிறது. இங்கேயும் மறுத்தால் கோளாறு ஃபைல் சிஸ்டத்தில். இங்கே உருவாகி, எஃப்டிபியில் மட்டும் மறுத்தால் சர்வர் அமைப்பில் அல்லது எஸ்ஈலினக்ஸில். நான் இதைச் செய்யாமல் வேறு எதையும் தொடுவதில்லை. சோதனைக் கோப்பை அழித்துவிட மறக்காதீர்கள்.

அறிகுறி: எந்த ஃபோல்டரில் ஏற்றினாலும் "550 பெர்மிஷன் டினைட்"

சொந்த ஹோம் ஃபோல்டரில்கூட ஏற முடியவில்லை, ஏற்று என்றவுடன் கண நேரத்தில் மறுப்பு வருகிறது, ஷெல்லில் டச் வேலை செய்கிறது. அப்படியானால் விஎஸ்எஃப்டிபிடி ஃபைல் சிஸ்டத்தைக் கேட்கவே இல்லை. எழுதும் கட்டளை எதையும் ஏற்காதே என்று அதன் அமைப்பிலேயே இருக்கிறது.

விஎஸ்எஃப்டிபிடி.கான்ஃப் கோப்பில் ரைட்_எனேபிள் என்ற வரியைத் தேடுங்கள். அது இல்லாவிட்டால் அதன் மதிப்பு "நோ". டெபியன், உபுண்டுவில் நிறுவியவுடன் அந்த வரி முன்னால் ஹாஷ் குறியோடு தூங்கிக்கொண்டிருக்கும். ஹாஷை எடுத்து ரைட்_எனேபிள்=யெஸ் ஆக்கி சர்வீஸை ரீஸ்டார்ட் செய்யுங்கள். சமக்குறியின் இரு பக்கமும் இடைவெளி விடக்கூடாது. விட்டால் அந்த வரி பிழையாகிவிடும், சர்வீஸ் கிளம்பாது.

வரி சரியாக இருந்தும் ஒரே ஒரு யூசருக்கு மட்டும் மறுக்கிறதா? யூசர்_கான்ஃபிக்_டிர் அமைத்திருக்கிறார்களா என்று பாருங்கள். அந்த ஃபோல்டரில் யூசர் பெயரிலேயே ஒரு கோப்பு இருந்து, அதில் ரைட்_எனேபிள்=நோ என்று எப்போதோ யாரோ எழுதியிருக்கலாம். அதே இடத்தில் சிஎம்டிஎஸ்_டினைட், சிஎம்டிஎஸ்_அலவ்ட் வரிகளும் இருக்கின்றனவா என்று ஒரு பார்வை.

விர்ச்சுவல் யூசர் (லினக்ஸில் தனிக் கணக்கு இல்லாத எஃப்டிபி யூசர்) வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒன்று. கெஸ்ட்_எனேபிள் போட்டு உள்ளே விட்ட யூசர்களை விஎஸ்எஃப்டிபிடி அனானிமஸ் யூசராகவே கருதுகிறது. அதனால் ரைட்_எனேபிள் மட்டும் போதாது. விர்ச்சுவல்_யூஸ்_லோக்கல்_பிரிவ்ஸ்=யெஸ் போடலாம். இல்லையென்றால் ஏற்ற ஒன்று, ஃபோல்டர் உருவாக்க ஒன்று, அழிக்கவும் பெயர் மாற்றவும் ஒன்று என அனான்_அப்லோட்_எனேபிள், அனான்_எம்கேடிர்_ரைட்_எனேபிள், அனான்_அதர்_ரைட்_எனேபிள் ஆகியவற்றைத் தனித்தனியே திறக்கலாம். கோப்பு ஏறுகிறது, அழிக்க முடியவில்லை என்று விர்ச்சுவல் யூசர் சொன்னால் பெரும்பாலும் மூன்றாவதுதான் விடுபட்டிருக்கும்.

அறிகுறி: "553 குட் நாட் கிரியேட் ஃபைல்"

550க்கும் 553க்கும் உள்ள வித்தியாசத்தைப் பலர் கண்டுகொள்வதில்லை. விஎஸ்எஃப்டிபிடியில் 553 வந்தால் அமைப்பு அனுமதித்துவிட்டது, கோப்பை உருவாக்கப் போன இடத்தில் லினக்ஸின் மையமான கெர்னல் கையை விரித்துவிட்டது என்று பொருள். இனி விஎஸ்எஃப்டிபிடி.கான்ஃபைத் தொட வேண்டாம்.

நேம்ஐ -எல் என்று அடித்து முழுப் பாதையைக் கொடுங்கள். ரூட்டிலிருந்து கடைசி ஃபோல்டர் வரை ஒவ்வொரு படிக்கும் அனுமதி, உரிமையாளர், குரூப் என்று வரிசையாகக் காட்டும். அனுமதியை எண்ணாக மாற்றிப் போட்டால் இப்படி இருக்கும்:

755 ரூட் ரூட் /
755 ரூட் ரூட் எஸ்ஆர்வி
755 ரூட் ரூட் அச்சு
755 ரூட் டிசைன் வரவு

உள்ளே போகவும் பட்டியல் பார்க்கவும் முடிகிறது என்றால் வழியில் உள்ள ஃபோல்டர்களில் எக்ஸ் அனுமதி (உள்ளே போகும் உரிமை) சரியாகத்தான் இருக்கிறது. கோளாறு கடைசி வரியில். குரூப் டிசைன் என்று சரியாக வைத்திருக்கிறார்கள், ஆனால் குரூப்புக்கு 5 மட்டுமே, அதாவது படிக்கலாம், உள்ளே போகலாம், எழுத முடியாது. சிஎச்மாட் 775 போட்டால் தீர்ந்தது.

775 இருந்தும் மறுத்தால் ஐடி டிசைன்1 என்று அடித்து, அந்த யூசர் உண்மையிலேயே டிசைன் குரூப்பில் இருக்கிறாரா என்று பாருங்கள். சேர்த்தது இப்போதுதான் என்றால், ஏற்கெனவே திறந்திருக்கும் இணைப்புக்கு அது தெரியாது. லாகின் ஆன நேரத்தில் என்னென்ன குரூப் இருந்ததோ அதையேதான் அந்த இணைப்பு கடைசிவரை வைத்திருக்கும். துண்டித்துவிட்டு மறுபடி வரச் சொல்லுங்கள்.

குரூப்பில் சேர்க்கும்போது யூசர்மாட் -ஏஜி என்று ஏ எழுத்தோடு அடிக்க வேண்டும். ஏ இல்லாமல் வெறும் -ஜி அடித்தால், அந்த யூசர் கூடுதலாக இருந்த மற்ற எல்லா குரூப்பிலிருந்தும் கழன்றுவிடுவார். "நேற்று வரை போயிற்று" வகைப் புகாரில் இதை நான் ஒன்றுக்கு மேற்பட்ட தடவை பார்த்திருக்கிறேன். ஒருவரை ஒரு புது ஃபோல்டருக்காகச் சேர்த்திருப்பார்கள், அவர் பழைய ஃபோல்டரில் எழுத முடியாமல் தவிப்பார்.

கெர்னல் அனுமதி பார்க்கும் முறையில் ஒரு நுணுக்கம் உண்டு. உரிமையாளர், குரூப், மற்றவர் என்ற மூன்றில் ஒன்றை மட்டுமே அது தேர்ந்தெடுக்கும். நீங்கள் உரிமையாளர் என்றால் உரிமையாளருக்கான இலக்கத்தோடு பார்வை முடிந்துவிடும். ஃபோல்டர் 575 என்றிருந்தால், குரூப்பில் உள்ள எல்லோரும் எழுதலாம், உரிமையாளர் மட்டும் எழுத முடியாது, அவர் அதே குரூப்பில் இருந்தாலும். "எல்லாருக்கும் போகுது, அவருக்கு மட்டும் போகல" என்றால் இதை நினைவில் கொள்ளுங்கள்.

எல்எஸ் -எல் காட்டும் வரியில் அனுமதிக்குப் பின்னால் ஒரு கூட்டல் குறி இருந்தால் அங்கே ஏசிஎல் இருக்கிறது. அப்போது நடு இலக்கத்தை நம்பாதீர்கள். ஏசிஎல் உள்ள ஃபோல்டரில் அது குரூப்பின் அனுமதியைக் காட்டுவதில்லை, மாஸ்க் எனப்படும் உச்ச வரம்பைத்தான் காட்டுகிறது. கெட்எஃப்ஏசிஎல் போட்டு முழுதாகப் பாருங்கள். ஒரு வரியின் ஓரத்தில் "எஃபெக்டிவ்" என்று எழுதிக் குறைந்த அனுமதி காட்டினால், கொடுத்தது ஒன்று, மாஸ்க் வெட்டியது போக மிஞ்சியது அது என்று அர்த்தம்.

அறிகுறி: புதுக் கோப்பு ஏறுகிறது, இன்னொருவர் போட்டதன் மேல் எழுத முடியவில்லை

இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கூட்டாக வேலை செய்யும் இடங்களில் அதிகம் வாட்டுவது இதுதான்.

நான் பார்த்துக்கொண்ட ஓர் அச்சகத்தின் சர்வரில், மாலை ஷிஃப்டில் ஒருவர் பக்க வடிவமைப்பை ஏற்றிவிட்டுப் போவார். காலையில் வருபவர் எழுத்துப் பிழை திருத்தி அதே பெயரில் மேலே எழுத வேண்டும். 553 வரும். அவர் பெயரை மாற்றி "இறுதி2" என்று ஏற்றுவார். அச்சுக்குப் போனது பழைய கோப்பு. ஃபோல்டர் அனுமதி 775, குரூப் சரி, இருவரும் அதே குரூப். ஃபோல்டரை எவ்வளவு நேரம் உற்றுப் பார்த்தாலும் தவறு தெரியாது. தவறு உள்ளே இருந்த கோப்பில்: 600, உரிமையாளர் மாலை ஷிஃப்ட்காரர், குரூப்பும் அவருடைய சொந்த குரூப்.

இரண்டு காரணம் சேர்ந்திருந்தது. ஒன்று யுமாஸ்க், அதாவது புதுக் கோப்பின் அனுமதியிலிருந்து எதை வெட்ட வேண்டும் என்று சொல்லும் எண். விஎஸ்எஃப்டிபிடியில் லோக்கல்_யுமாஸ்க் வரி இல்லாவிட்டால் அதன் மதிப்பு 077. கோப்பு 666இல் தொடங்கி, குரூப்புக்கும் மற்றவருக்கும் எல்லாம் வெட்டுப்பட்டு 600 ஆகிறது. கூட்டு ஃபோல்டருக்கு வேண்டியது 002, அதில் கோப்பு 664 ஆக வரும்.

இந்த எண்ணை எழுதும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தை விட்டுவிடாதீர்கள். விஎஸ்எஃப்டிபிடி பூஜ்யத்தில் தொடங்கும் எண்ணைத்தான் எட்டடிமான எண்ணாகப் படிக்கிறது. 022 என்பதற்குப் பதில் 22 என்று எழுதினால் அதைச் சாதாரண இருபத்திரண்டாக எடுத்துக்கொள்ளும், அது எட்டடிமானத்தில் 026. கோப்பு 644க்குப் பதில் 640 ஆக வரும். ஏற்றியவருக்கு எல்லாம் சரியாகத் தெரியும், வெப் சர்வர் அந்தக் கோப்பைப் படிக்க முடியாமல் 403 காட்டும். ஒரே ஒரு பூஜ்யம் செய்யும் வேலை இது.

இரண்டாவது காரணம், புதுக் கோப்பு ஏற்றியவரின் முதன்மை குரூப்பில் பிறந்தது. ஃபோல்டரின் குரூப்பிலேயே பிறக்க வேண்டும் என்றால் ஃபோல்டருக்கு செட்ஜிஐடி போட வேண்டும்: சிஎச்மாட் 2775. இனிமேல் உருவாகும் உள் ஃபோல்டர்களுக்கும் அது தானாக ஒட்டிக்கொள்ளும். ஏற்கெனவே உள்ள உள் ஃபோல்டர்களுக்கு ஃபைண்ட் கட்டளையில் -டைப் டி கொடுத்து ஜி+எஸ் போடுங்கள். மொத்தமாக -ஆர் போட்டு 2775 ஓட்டாதீர்கள், எல்லாக் கோப்பும் இயக்கக்கூடிய நிரலாக மாறிவிடும். பழைய கோப்புகளின் குரூப்பை ஒரு முறை சிஎச்ஜிஆர்பி -ஆர் கொண்டு மாற்றி, ஜி+ஆர்டபிள்யு கொடுத்துவிட்டால் போதும்.

எஸ்எஃப்டிபியில் இதே யுமாஸ்க்கை எஸ்எஸ்ஹெச்டி_கான்ஃபிக்கில் இன்டர்னல்-எஸ்எஃப்டிபி -யு 0002 என்று கொடுக்கலாம். யூசர்களுக்கு மேட்ச் பகுதியில் ஃபோர்ஸ்கமாண்ட் வைத்திருந்தால் அந்த -யு அங்கேதான் இருக்க வேண்டும். மேலே சப்சிஸ்டம் வரியில் மட்டும் போட்டுவிட்டு "மாறவே இல்லையே" என்று குழம்புவது சகஜம்.

இன்னொரு சிக்கல், இதில் எனக்கே ஒரு நாள் முழுக்கப் போனது. யுமாஸ்க் வெட்டத்தான் செய்யும், சேர்க்காது. லினக்ஸ், மேக் டெர்மினலில் உள்ள எஸ்எஃப்டிபி கட்டளை, தன் பக்கத்துக் கோப்பின் அனுமதி எண்ணையும் கூடவே அனுப்புகிறது. அங்கே 644 ஆக இருக்கும் கோப்பு, சர்வரில் யுமாஸ்க் 002 இருந்தாலும் 644 ஆகத்தான் இறங்கும். எண் எதையும் அனுப்பாத கிளையன்ட் ஏற்றினால் 664. ஒரே ஃபோல்டர், ஒரே குரூப், ஆள் மாறினால் அனுமதி மாறும். டீஃபால்ட் ஏசிஎல் போட்டாலும் இதற்கு முழுத் தீர்வு இல்லை, அந்த 644 வந்து மாஸ்க்கைக் குறுக்கிவிடும். அப்படிப்பட்டவர்களின் கணினியில் கோப்பை 664 ஆக்கி ஏற்றச் சொல்வது ஒரு வழி. சர்வரில் சில நிமிடத்துக்கு ஒரு முறை அந்த ஃபோல்டரில் குரூப் எழுதும் அனுமதி இல்லாத கோப்புகளைத் தேடித் திருத்தும் கிரான் வேலை இன்னொரு வழி. நான் இரண்டாவதைத்தான் வைத்திருந்தேன். அழகான தீர்வு இல்லை, ஆனால் காலை ஷிஃப்டிலிருந்து அழைப்பு வருவது நின்றது.

அறிகுறி: சின்னக் கோப்பு மேலெழுதுகிறது, பெரிய கோப்பு மறுக்கிறது

கேட்டவுடன் டிஸ்க் நிறைந்துவிட்டது என்று தோன்றும். அதற்கு முன் ஃபோல்டரில் ஸ்டிக்கி பிட் (பிறருடைய கோப்பை அகற்றவிடாத குறி) இருக்கிறதா பாருங்கள். அனுமதி 1775 அல்லது 3775 என்று 1 சேர்ந்திருக்கும், எல்எஸ் -எல் காட்டும் அனுமதிப் பகுதியின் கடைசி எழுத்து, ஸ்டிக்கியில் வரும் டி ஆக இருக்கும்.

வின்எஸ்சிபி என்ற கிளையன்ட் வழக்கமாக 100 கேபிக்கு மேற்பட்ட கோப்புகளை முதலில் .ஃபைல்பார்ட் என்ற ஒட்டோடு தற்காலிகப் பெயரில் ஏற்றி, முடிந்ததும் பழைய கோப்பை அகற்றிவிட்டு உண்மைப் பெயருக்கு மாற்றுகிறது. சின்னக் கோப்பை நேரடியாக மேலே எழுதிவிடுகிறது. மேலே எழுதக் கோப்பில் எழுதும் அனுமதி போதும். அகற்ற வேண்டுமானால் ஃபோல்டரில் எழுதும் அனுமதி வேண்டும், ஸ்டிக்கி பிட் இருந்தால் அந்தக் கோப்புக்கோ ஃபோல்டருக்கோ சொந்தக்காரராகவும் இருக்க வேண்டும். ஆக, பெரிய கோப்பு அரைகுறைப் பெயரோடு அங்கேயே நிற்கும். கூட்டு ஃபோல்டரில் ஸ்டிக்கி பிட்டைத் தெரிந்தே வைத்திருக்கிறீர்களா என்று முடிவு செய்யுங்கள். வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். வேண்டும் என்றால் கிளையன்டில் தற்காலிகப் பெயரில் ஏற்றும் அமைப்பை அணைக்கலாம்.

அறிகுறி: கோப்பு ஏறிவிட்டது, ஆனாலும் அனுமதிப் பிழை காட்டுகிறது

கோப்பு முழுதாகப் போயிருக்கும். பிழை வந்தது அதற்கு அடுத்த படியில். கிளையன்ட் உங்கள் கணினியில் உள்ள தேதியையோ அனுமதி எண்ணையோ சர்வரில் இருக்கும் கோப்புக்கும் போடப் பார்க்கிறது. அதைச் செய்ய உரிமையாளரால் மட்டுமே முடியும், குரூப்பில் இருப்பது போதாது. கிளையன்டின் பரிமாற்ற அமைப்பில் தேதியைக் காக்கும் தேர்வை எடுத்துவிடுங்கள். சர்வரில் எதையும் தொட வேண்டாம்.

அறிகுறி: பாஸ்வேர்ட் சரி, உடனே இணைப்பு அறுகிறது

எஃப்டிபியில் "500 ஊப்ஸ்: விஎஸ்எஃப்டிபிடி: ரெஃப்யூசிங் டு ரன் வித் ரைட்டபிள் ரூட் இன்சைட் சிரூட்" என்று வரும். எஸ்எஃப்டிபியில் கிளையன்டுக்கு எதுவும் சொல்லாமல் மூடிக்கொள்ளும். சர்வர் லாகில், டெபியன் வகையில் ஆத்.லாக், ரெட்ஹேட் வகையில் செக்யூர் என்ற கோப்பில், "பேட் ஓனர்ஷிப் ஆர் மோட்ஸ் ஃபார் சிரூட் டைரக்டரி" என்ற வரி இருக்கும்.

இரண்டுமே ஒரே கவலையால் வருபவை. யூசரை ஒரு ஃபோல்டருக்குள் அடைத்து அதையே அவருக்கு "/" ஆக்கினால், அந்த "/" அவர் எழுதக்கூடியதாக இருக்கக் கூடாது. இருந்தால் அவர் அதற்குள் போலியாக ஓர் ஈடிசி, ஒரு லிப் ஃபோல்டரை உருவாக்கி, உயர்ந்த அதிகாரத்தில் ஓடும் நிரலைத் தன் கோப்புகளை வாசிக்க வைக்க முடியும். விஎஸ்எஃப்டிபிடி 2.3.5 பதிப்பிலிருந்து இதை மறுக்கிறது. ஓப்பன்எஸ்எஸ்ஹெச் இன்னும் கறார்: அடைக்கும் ஃபோல்டர் மட்டுமல்ல, "/" தொடங்கி அதுவரை உள்ள ஒவ்வொரு படியும் ரூட்டுக்குச் சொந்தமாக, குரூப்போ மற்றவரோ எழுத முடியாததாக இருக்க வேண்டும்.

இப்போது 777 என்ன செய்யும் என்று பாருங்கள். "ஏற மாட்டேங்குது" என்று ஒருவர் சொல்ல, அவசரத்தில் அந்த ஃபோல்டருக்கு 777 போட்டால், அடுத்த நிமிடம் அங்கே அடைக்கப்பட்ட எல்லா யூசர்களுக்கும் லாகினே கிடையாது. ஹோம் ஃபோல்டருக்குப் போட்டிருந்தால் எஸ்எஸ்ஹெச் சாவியில் லாகின் ஆவதும் நின்றுபோகும், ஏனென்றால் பிறர் எழுதக்கூடிய ஹோமில் உள்ள சாவியை எஸ்எஸ்ஹெச்டி நம்பாது.

சரி செய்யும் முறை ஒன்றுதான். அடைக்கும் ஃபோல்டரை ரூட்டுக்குச் சொந்தமாக்கி 755 வையுங்கள். அதற்குள் "வரவு" என்று ஓர் உள் ஃபோல்டர் உருவாக்கி அதை மட்டும் யூசருக்குக் கொடுங்கள். ஏற்றுவதெல்லாம் அதற்குள் போகட்டும். விஎஸ்எஃப்டிபிடி 3.0 முதல் அலவ்_ரைட்டபிள்_சிரூட்=யெஸ் என்ற குறுக்கு வழி உண்டு. இணையத்தில் முதலில் கண்ணில் படுவதும் அதுதான். வெளியாட்களுக்கு லாகின் கொடுத்திருக்கும் சர்வரில் அதைப் போட நான் ஒருபோதும் சொல்ல மாட்டேன்.

அறிகுறி: அனுமதி எல்லாம் சரி, ஷெல்லில் ஏறுகிறது, எஃப்டிபியில் மட்டும் 553

ரெட்ஹேட், ராக்கி, ஆல்மா, ஃபெடோரா என்றால் நேராக எஸ்ஈலினக்ஸுக்குப் போங்கள். கெட்என்ஃபோர்ஸ் என்று அடித்து "என்ஃபோர்சிங்" வந்தால் எல்எஸ் -இசட் போட்டு ஃபோல்டரின் லேபிளைப் பாருங்கள். பிறகு ஆசர்ச் -எம் ஏவிசி -டிஎஸ் ரீசன்ட். எந்த நிரல், எந்த லேபிள் உள்ள பொருளில், எதைச் செய்யப் பார்த்து மறுக்கப்பட்டது என்று ஒரே வரியில் இருக்கும்.

லேபிள் தவறுவது பெரும்பாலும் கோப்பை நகர்த்திய விதத்தால். சிபி செய்தால் போய்ச் சேரும் ஃபோல்டரின் லேபிள் ஒட்டும். எம்வி செய்தால் பழைய இடத்து லேபிளோடு வந்து இறங்கும். ரூட்டின் ஹோமில் தயார் செய்து எம்வி செய்த ஃபோல்டரை எஃப்டிபி தொடாது.

எஃப்டிபிக்கென எழுதும் இடத்துக்குப் பப்ளிக்_கன்டென்ட்_ஆர்டபிள்யு_டி என்ற லேபிளை எஸ்ஈமேனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் கட்டளையால் பதிந்து, ரெஸ்டோர்கான் -ஆர்வி ஓட்டி, எஃப்டிபிடி_அனான்_ரைட் என்ற பூலியனை (எஸ்ஈலினக்ஸின் ஆன்-ஆஃப் விசை) செட்எஸ்ஈபூல் -பி கொண்டு இயக்குங்கள். பெயரில் அனான் இருந்தாலும் இந்த லேபிளில் எழுத எல்லா யூசருக்கும் அது வேண்டும். எஃப்டிபிடி_ஃபுல்_ஆக்சஸ் போட்டாலும் ஏறும், ஆனால் எஃப்டிபி சர்வீஸுக்குச் சர்வர் முழுவதையும் திறந்துவிடுகிறீர்கள். சந்தேகத்தை உறுதி செய்ய செட்என்ஃபோர்ஸ் 0 போட்டு ஒரு கோப்பு ஏற்றிப் பார்க்கலாம். பார்த்த கையோடு 1 ஆக்கிவிடுங்கள்.

அறிகுறி: எஸ்எஃப்டிபியில் வெறும் "ஃபெயிலியர்", எஃப்டிபியில் 451, அல்லது 0 பைட் கோப்பு

இது அனுமதிப் பிரச்சினை அல்ல. ஓப்பன்எஸ்எஸ்ஹெச்சின் எஸ்எஃப்டிபி, கெர்னல் அனுமதி மறுத்தால் "பெர்மிஷன் டினைட்" என்று தெளிவாகச் சொல்லும். டிஸ்க் நிறைந்தது, கோட்டா (யூசருக்கு வகுத்த இட வரம்பு) தீர்ந்தது, மவுண்ட் படிக்க மட்டும் ஆகிவிட்டது என்பவற்றுக்கு அது பயன்படுத்தும் நெறிமுறைப் பதிப்பில் தனி எண் இல்லாததால் எல்லாவற்றையும் "ஃபெயிலியர்" என்ற ஒற்றைச் சொல்லில் போட்டுவிடும். வின்எஸ்சிபியில் எரர் கோட் 4 என்று தெரியும். 3 என்றால்தான் அனுமதி.

டிஎஃப் -ஹெச், டிஎஃப் -ஐ இரண்டையும் பாருங்கள். லட்சக்கணக்கில் சின்னக் கோப்புகள் சேரும் சர்வரில் இடம் மிச்சம் இருக்கும்போதே ஐநோட் (ஒவ்வொரு கோப்புக்கும் ஒன்று வேண்டிய பதிவிடம்) தீர்ந்துவிடும். "நான் ரூட்டாப் போட்டா ஏறுதே" என்று சொன்னால் அதற்கும் விளக்கம் உண்டு: ஈஎக்ஸ்டி4 வழக்கமாக 5 சதவீத இடத்தை ரூட்டுக்கென ஒதுக்கி வைக்கிறது. மற்ற யூசர்களுக்கு டிஸ்க் நிறைந்த பிறகும் ரூட் எழுதிக்கொண்டிருக்கும். 0 பைட் கோப்பு நிற்பதும் இதனால்தான், பெயர் பதிவாகிவிடுகிறது, உள்ளே வைக்க இடமில்லை. கோட்டா வைத்திருந்தால் கோட்டா -யு டிசைன்1.

அறிகுறி: ரூட்டாலும் எழுத முடியவில்லை

ஃபைண்ட்மவுண்ட் --டார்கெட் என்று போட்டு ஃபோல்டரின் பாதையைக் கொடுங்கள். விருப்பங்களில் ஆர்ஓ என்று தொடங்கினால் மவுண்ட் படிக்க மட்டும் ஆகியிருக்கிறது. நேற்று வரை ஆர்டபிள்யு ஆக இருந்தது என்றால் டிமெசேஜில் ஐ/ஓ பிழைகளைத் தேடுங்கள். டிஸ்கில் கோளாறு கண்டவுடன் சேதம் பரவாமல் இருக்க ஈஎக்ஸ்டி4 தன்னைத் தானே பூட்டிக்கொண்டிருக்கலாம். அதை ரீமவுண்ட் போட்டு உடனே திறந்துவிடாதீர்கள். முதலில் படிக்க முடியும்போதே பேக்கப் எடுங்கள், பிறகு ஸ்மார்ட்சிடிஎல் அறிக்கை, அன்மவுண்ட் செய்து எஃப்எஸ்சிகே.

மவுண்ட் சரி என்றால் எல்எஸ்அட்டர் -டி. ஐ என்ற எழுத்து தெரிந்தால் யாரோ சிஎச்அட்டர் +ஐ போட்டு உறைய வைத்திருக்கிறார்கள். ஏன் போட்டார்கள் என்று கேட்டுவிட்டு எடுங்கள்.

எதிலும் அடங்கவில்லை என்றால்

யூசரை லாகின் ஆகச் சொல்லி, அவருடைய விஎஸ்எஃப்டிபிடி அல்லது எஸ்எஸ்ஹெச்டி புராசஸின் எண்ணை பிஎஸ் மூலம் பிடித்து, நிரல் கெர்னலிடம் கேட்பதையெல்லாம் காட்டும் எஸ்ட்ரேஸ் கட்டளையை -எஃப் -பி கொடுத்து அதன் மேல் உட்கார வையுங்கள். இப்போது ஒரு கோப்பை ஏற்றச் சொல்லுங்கள். ஓப்பன், ரைட், ரீநேம் என்று தொடங்கித் தோற்றுப்போன வரியின் முடிவில் கெர்னல் சொன்ன உண்மைக் காரணம் இருக்கும். ஈஆக்சஸ் என்றால் அனுமதி, ஏசிஎல், எஸ்ஈலினக்ஸ் மூன்றில் ஒன்று. ஈபெர்ம் என்றால் உரிமையாளர் மட்டும் செய்யக்கூடியது, ஸ்டிக்கி பிட், அல்லது உறைந்த கோப்பு. ஈஆர்ஓஎஃப்எஸ் படிக்க மட்டுமான மவுண்ட். ஈஎன்ஓஎஸ்பிசி என்றால் இடமோ ஐநோடோ இல்லை. ஈடிகோட் கோட்டா. அந்த வரியில் தெரியும் பாதையையும் கவனியுங்கள். யூசர் நினைக்கும் ஃபோல்டரும் சர்வர் எழுதப் போகும் ஃபோல்டரும் வேறாக இருந்ததை இங்கேதான் நான் இரண்டு தடவை கண்டுபிடித்தேன், இடையில் வேறு இடத்தைக் காட்டும் ஒரு பழைய சிம்லிங்க்.

திருத்திய பிறகு டச் செய்து பார்த்து நிறுத்திக்கொள்ள வேண்டாம். யூசருடைய கிளையன்டிலிருந்தே நான்கையும் செய்து பார்க்கச் சொல்லுங்கள்: புதுக் கோப்பு ஏற்றுவது, சக ஊழியர் போட்டதன் மேல் எழுதுவது, உள் ஃபோல்டர் உருவாக்கி அதற்குள் ஏற்றுவது, ஏற்றியதை அழிப்பது. அப்புறம் அந்த உள் ஃபோல்டரில் இன்னொரு யூசர் எழுதிப் பார்க்கட்டும்.